ஒரு ரூபாய் அகலம்

வேலியே பயிரை மேய்ந்த கதைதான்
என்றார் டாக்டர்.
சீட்டின் பின்பக்கம் குடலை வரைந்து
உள்சுவரில் காவல் நிற்கும் செல்களுக்குப்
புள்ளி புள்ளியாய் வைத்தார்.
கோதுமையை எதிரியென்று எண்ணி
வருஷக்கணக்காய் அடித்துக்கொண்டிருந்தவை
ஒருநாள் நிறுத்தத் தெரியாமல்
பெருகத் தொடங்கிவிட்டன.
லிம்போமா என்றெழுதி அடிக்கோடு இழுத்தார்.
மை தீர்ந்து கோடு பாதியில் நின்றது.

ஏற்காட்டில் இருபத்திரண்டு வருஷம்
எஸ்டேட்டுக்கு இரவுக் காவல் நான்.
ஒரு கமலாப்பழம் தொட்டதில்லை.
மிளகு காயும் களத்தில்
ஒரு பிடி அள்ளியதில்லை.
வேலி மேயாது சார்,
காட்டெருமைதான் மேயும் என்றேன்.
பிலோமி என் முழங்கையைக் கிள்ளினாள்.
கிள்ளப் பலமிருந்தது அன்றைக்கு.

முதலில் ரத்தசோகை என்றார்கள்.
இரும்பு மாத்திரை, பூச்சி மாத்திரை,
பேதிக்கு மாதுளம் தோல்,
நாகலூரில் ஒருவர் மந்திரித்த கயிறு.
இரண்டு கரு தங்காமல் போனதற்கு
ஆளுக்கொரு காரணம்.
எட்டாம் வருஷம்
சேலத்தில் குழாய் விட்டுப் பார்த்த அம்மாதான் சொன்னார்:
உள்ளே புல்லாய் நிற்க வேண்டியது
மொட்டைத் தலையாய் இருக்கிறது,
கோதுமை ஆகாது,
இனி எப்போதும் ஆகாது.

எங்களுக்குச் சிரிப்பு வந்தது.
எங்கள் வீட்டில் ஏது கோதுமை?
அரிசி, ராகி, மரவள்ளிக் கிழங்கு,
அடைமழையில் ஜவ்வரிசிக் கஞ்சி.
அப்புறம்தான் எண்ணிப் பார்த்தோம்,
சம்பள சனிக்கிழமைப் பரோட்டா,
டீக்கு பன்,
பஸ் ஸ்டாண்டு பிஸ்கட்.
எல்லாவற்றையும் விட்டாள்.
ஆறு மாதத்தில் ஏழு கிலோ.
வளையல் கழற்ற சோப்பு கேட்டாள்.

அந்த சோப்பை நினைத்துக்கொண்டுதான்
ஒன்பது வருஷம் கழித்து
குடல் ஓட்டையாகி
அறுத்துத் தைத்துக் கொண்டுவந்த வாரம்
டியூட்டி டார்ச்சை அடுக்களைக்குள் அடித்தேன்.
பெருங்காய டப்பாவின் முதுகில்
எறும்பளவு எழுத்தில்
மைதா.
ஒன்பது வருஷ ரசம்.
உடம்புக்கு நல்லதென்று
நான் வைத்துக் கொடுத்த ரசம்.

ஓடையில் வீசிவிட்டு வந்து சொன்னேன்.
அவள் வெகுநேரம் ஓட்டைப் பார்த்தபடி கிடந்தாள்.
நானும் ஒண்ணு சொல்லணும்.

ஞாயிறு பூசையில் வாங்கும் அப்பம்.
ஒரு ரூபாய் அகலம்.
மெல்லாமல் நாக்கிலேயே கரைய விடுவது.
அதுவும் கோதுமைதான் என்று
முதல் நாளிலிருந்தே தெரியும் அவளுக்கு.
மடத்தில் அதை வட்டமாய் வெட்டும்போது
விழுகிற ஓரங்களைப்
பாவாடையில் ஏந்தித் தின்றவள்.
அது போய் என்னைக் கொல்லுமாங்க?

வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு.
கிறிஸ்துமஸ், பெரிய வியாழன் தனி.
பெருக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டேன்.

பெருங்காயமா, அப்பமா என்று
டாக்டரிடம் ஒளிவாய்க் கேட்டேன்.
சொல்ல முடியாது என்றார்.
இரண்டும் இல்லாமலே வந்திருக்கலாம்.
பேர் தெரியாத அந்த எட்டு வருஷத்திலேயே
விழுந்திருக்கலாம்.
காலடி இருக்கிற திருட்டை எனக்குப் பிடிக்கத் தெரியும்.

பெலிக்ஸ் சாமியார் பார்க்க வந்தார்.
அப்பம் வேண்டாம் மகளே,
ஒரு துளி ரசம் போதும்,
அதிலும் முழு ஆண்டவர்தான்.
திராட்சை ரசத்தைத்தான் சொன்னார்.
எனக்குப் பெருங்காயம் மணந்தது.
இதை அன்றைக்கே கேட்டிருக்கலாமே, என்றார்.
கேட்கலாம் என்று தெரிந்திருந்தால்தானே சாமி.
வாய்வரை வந்ததை
டீயோடு விழுங்கினேன்.

நாளை மூன்றாம் சுற்று மருந்து.
காலை முதல் பஸ்.
கூடையில் தூக்குச் சட்டி, துண்டு,
வாந்திக்குப் பிளாஸ்டிக் பை நாலு.
இறங்கும்போது வளைவுப் பலகைகள்
இருபதிலிருந்து குறைந்துகொண்டே வரும்.
போன முறை ஒவ்வொன்றாய்
நான் வாய்விட்டுப் படித்திருக்கிறேன்,
அவளுக்குத் தைரியமாய் இருக்கட்டுமென்று.

இந்த முறை எண்ணாதீங்க, என்கிறாள்.
தலையில் துணி கட்டிக்கொண்டே.
சரி என்கிறேன்.

கீழ்த்தோட்டத்தில் தகரம் தட்டும் சத்தம்.
எனக்குப் பதில் வந்த பையன்.
அவன் தட்டுவது போதாது,
எருமை அதற்கெல்லாம் அசையாது.
எழுந்து செருப்பைத் தேடுகிறேன்.
பிலோமி விளக்கை அணைத்துவிட்டாள்.